மிஞ்சும் தண்ணீர் போகிற இடம்

மீன் தொட்டி வைக்கிறவர்கள் எல்லோரும் முதலில் மீனைப் பற்றித்தான் யோசிப்பார்கள். அது பிழை. மிஞ்சுகிற தண்ணீர் எங்கே போகும் என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். எழுதிக்கொள்வதென்றால் இதிலிருந்தே தொடங்குங்கள் ஐயா. மற்றதெல்லாம் இதற்குப் பிறகு வந்ததுதான்.

என் பெயர் இக்னேசியஸ். வேலை செய்த காலம் முழுக்கத் துறைமுகத்தில் கப்பல்களுக்கு நல்ல தண்ணீர் ஏற்றும் பகுதியில் குழாய் பூட்டினேன். ஒரு நிலத்தைப் பார்த்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லிவிடுவேன். ஓய்வு பெற்றுக் கொஞ்சக் காலத்திலேயே மனைவி அருள்மலர் கண்ணை மூடிவிட்டாள். பிள்ளைகள் இல்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்தால் அடுத்த ஞாயிறு வரை என் குரலை நானே கேட்பதில்லை. அவளுடைய தையல் மெசின் இருந்த மூலை வெறுமையாகக் கிடந்ததைப் பார்க்க ஏலாமல்தான் அந்த இடத்தில் கடல்மீன் தொட்டி வைத்தேன்.

தொட்டி நல்ல தொட்டி. நீங்களே வந்து பார்க்கலாம். தண்ணீர் வழிந்து இறங்குகிற மூலையில் இரண்டு குழாய்கள் வைத்திருக்கிறேன். ஒன்று எந்நேரமும் வேலை செய்யும். மற்றது சற்று உயரமாகச் சும்மா நிற்கும். முதலாவதைப் பாசியோ நத்தையோ அடைத்தால் இரண்டாவது தண்ணீரை வாங்கிக்கொள்ளும், வீடு நனையாது. மனிதனுக்கும் அப்படி இரண்டாவது குழாய் ஒன்று வேண்டும். எனக்கு அருள்மலர் ஒருத்திதான் இருந்தாள்.

விடியப்புறம் சைக்கிளில் போய்க் கான்களில் கடல்தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவேன். புதிது ஊற்ற ஊற்றப் பழையது மிஞ்சும். அந்த மிச்சத்தை நிலத்துக்குக் கீழே குழாய் போட்டு, பின்வளவு வேலியோரம் வெட்டிய ஒரு குழிக்குள் விட்டேன். குழி அடுத்த வளவுக் கிணற்றுக்கு நல்ல கிட்ட என்பதை நான் யோசிக்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். தொடக்கத்தில் அது வெறும் கவனக்குறைவு.

அடுத்த வளவில் வாடகைக்கு இருந்தவர்கள் வினோதனும் அவன் மனைவி கஜந்தியும். அவன் ஓட்டோ ஓடுகிறவன். அந்த வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் இல்லை, எல்லாவற்றுக்கும் கிணறுதான். வெயில் ஏறிய ஆனி மாதத்தில் ஒரு நாள் கஜந்தி கையில் கானோடு என் வாசலில் வந்து நின்றாள்.

"அங்கிள், குறை நினைக்காதேங்கோ. கிணத்துத் தண்ணி ஒரு மாதிரிக் கரிக்குது. குடிக்க மட்டும் உங்கட பைப்பில கொஞ்சம் பிடிக்கட்டோ?"

கடல் உள்ளுக்கு வருகிறது என்று ஒழுங்கையில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. குழாயை வளைத்துப் பூட்டுகிற ஒரு எல்போவும் கொஞ்சக் குழாயும் இருந்தால் மிச்சத் தண்ணீரை மற்றப் பக்கம் திருப்பிவிடலாம். கடைக்குப் போய் எல்போவை வாங்கியும் வந்தேன். ஆனால் அடுத்த நாளும் அவள் வந்தாள். கான் நிரம்பும் வரை குசினிக் கதிரையில் இருந்து கதைத்தாள். வினோதனின் ஓட்டோ மக்கர் பண்ணின கதை, மச்சாள் லக்சனாவின் வாய்க்கொழுப்பு, சந்தையில் மீன் விலை. போகும்போது என் மீன்களுக்குச் சாப்பாடு போட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு பைப்பை நான் பாதிதான் திறந்துவிடுவேன், கான் மெல்ல நிரம்பட்டும் என்று. எல்போ இப்போதும் அலுமாரிக்குள் கிடக்கிறது.

மாரி தொடங்கியது. மழையோடு கிணறு ஊறியது. ஒரு வெள்ளிக்கிழமை கஜந்தி தட்டு நிறைய மோதகம் கொண்டுவந்தாள். கிணறு திருந்திவிட்டதாம், இனி எனக்குக் கரைச்சல் தரமாட்டாளாம். சந்தோசமாகச் சொல்லிவிட்டுப் போனாள். நான் அந்தத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். மோதகம் ருசியாகத்தான் இருந்தது. ஆனால் நாளைக்கு விடியும், யாரும் வரமாட்டார்கள் என்பதை நினைக்க எனக்குப் பயமாக இருந்தது.

புது மீன் வாங்கினால் உடனே தொட்டிக்குள் விடக் கூடாது ஐயா. மெல்லிய குழாய் ஒன்றில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரை அது இருக்கிற வாளிக்குள் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். தண்ணீர் மாறுவது மீனுக்குத் தெரியாது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். நான் வேலியோரக் குழியை மூடிவிட்டு, குழாயை மண்ணுக்குள்ளால் நீட்டிக் கிணற்றின் கல்லிடுக்கு வரை கொண்டுபோனேன். குழாயின் இந்தப் பக்கத்தில் ஒரு வாளி வைத்துக் கல்லுப்புக் கரைத்து, சொட்டுச் சொட்டாக விட்டேன். பொங்கல் கழிய அவள் திரும்பவும் கானோடு வந்தாள். எனக்குப் போன உயிர் வந்தது.

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். தண்ணீரைப் பற்றித் தெரிந்தவன் என்று என்னிடம் கேட்டாள்.

"சமையலுக்குக் கிணத்துத் தண்ணியக் கொதிக்க வைச்சாச் சரிதானே அங்கிள்? கொதிச்சா உப்புப் போயிடும்தானே?"

கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் போகும், உப்புப் போகாது. அது எனக்குத் தெரியாதா. ஆனால் சமையலுக்கும் என் பைப் என்றால் பெரிய கான்கள் வேண்டும். வினோதன் ஓட்டோவில் வந்து ஏற்றிக்கொண்டு போவான். குடிக்க மட்டும் என்றால் அவள் நடந்து வருவாள். நான் "ஓம் பிள்ளை" என்றேன்.

வினோதனுக்கு முதலில் கால் வீங்கியது. பிறகு மூச்சு இளைத்தது. இதயம் பலவீனம், உப்பைத் தொடவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கஜந்தி கருவாட்டை நிறுத்தினாள், ஊறுகாயை நிறுத்தினாள், உப்புப் போத்தலையே வெளியில் எறிந்தாள். ஒரு நாள் என் குசினியில் இருந்து சிரித்துக்கொண்டு சொன்னாள். "உப்பே போடுறேல்லை அங்கிள். ஆனா ருசியாக் கிடக்கு எண்டு அவர் சாப்பிடுறார்."

அன்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது. ஆனால் அவன் படுத்த பிறகு அவள் கூடுதல் நேரம் இருந்தாள். கான் நிரம்பிய பிறகும் இருந்து அழுதாள். ஆறுதல் சொல்ல அவளுக்கு என்னை விட்டால் ஆளில்லை. என்னைத் தேடி ஒருவர் வருவது எப்படியிருக்கும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

அவன் ஆவணியில் செத்தான். செத்தவீட்டில் எல்லோருக்கும் முன்னால் லக்சனா, உப்பைக் குடுத்தே இவள் என்ர தம்பியைக் கொன்றுபோட்டாள் என்று கத்தினாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. கஜந்தி என்னிடம் வந்து, "நான் என்ன பிழை விட்டனான் அங்கிள்?" என்று கேட்டாள். ஒரு பிழையும் இல்லை என்று சொன்னேன். அது உண்மைதானே. எட்டாம் நாள் சடங்கு முடிந்ததும் மாமியார் வீட்டார் அவளை நிற்கவிடவில்லை. தமையன் வந்து ஈச்சிலம்பற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனான். என்னிடம் சொல்லிக்கொள்ளவும் விடவில்லை.

அந்தக் கிணறு இப்போது யாருக்கும் வேண்டாமல் கிடக்கிறது. வாளியை எடுத்துவிட்டேன். குழாய் அப்படியே இருக்கிறது, வடக்குப் பக்கக் கல்லுக்குப் பக்கத்தில் தோண்டினால் கிடைக்கும். வினோதனைக் கொன்றது நான். கஜந்தி ஒரு சிட்டிகை உப்பும் போடவில்லை. இதை லக்சனாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். கஜந்தியுடைய பேர் கெடக் கூடாது என்பதற்காகத்தான் நானாகவே பொலிஸ் ஸ்டேசனுக்கு நடந்து வந்தேன், வேறு ஒரு காரணமும் இல்லை.

கஜந்தியிடமும் வாக்குமூலம் எடுக்க வேண்டியிருக்கும், இல்லையா? அவளை இங்கே கூப்பிடுவீர்கள்தானே. ஈச்சிலம்பற்றிலிருந்து வெயிலில் பஸ் ஏறி வருவாள், களைத்துப்போய்த்தான் வருவாள். அந்தக் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போடுங்கள். குடிக்கத் தண்ணீர் நான் ஊற்றிக் கொடுக்கிறேன்.