காலிப்பர் வாயில் இருந்த மரக்கட்டை

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் உள்ளபடி. வயது 44. கார் பட்டறை வைத்திருக்கிறேன். தொழிலில் இருப்பவர்களுக்கு என்னை ‘அவசரம்’ என்று சொன்னால்தான் தெரியும். என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், பதினாறு வருடமாக என்னோடு வேலை செய்து வருகிறார். அவர் வேண்டுமென்றே என் கையை நசுக்கினார் என்று என் அண்ணன் கொடுத்த புகாரின்பேரில் அவரைக் காலையிலிருந்து இந்தக் காவல் நிலையத்தின் வெளி பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். இது குறித்து என்னை விசாரித்தபோது நான் கூறுவதாவது:

சம்பவம் வரை எனக்கும் மச்சானுக்கும் பன்னிரண்டு நாளாகப் பேச்சு இல்லாமல் இருந்தது உண்மை. வாடிக்கையாளர் ஒருவர் முன்னால், “நீங்க ஒரு சக்கரத்தைக் கழட்டுறதுக்குள்ள காரே கிழடாயிடும் மச்சான்” என்று நான் சொன்னதுதான் காரணம். அதன் பிறகு அவர் என்னிடம் வாய் திறக்கவில்லை, ஆனால் ஒரு நாளும் வேலைக்கு வராமல் இருந்ததில்லை. கம்ப்ரசர் காற்றைப் பீய்ச்சும் எங்கள் காற்றுத் துப்பாக்கியின் விசை உடைந்துவிட்டதால் சுவரில் உள்ள வால்வைத் திறந்துதான் காற்று விட வேண்டும். பேச்சு இல்லாததால், நான் ஸ்பேனரால் மேசையில் ஒரு தட்டு தட்டினால் அவர் திறப்பார், இரண்டு தட்டினால் மூடுவார். ஏழு கழுதை வயதாகியும் இப்படியா என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

சம்பவத்தன்று காலை பத்து மணியளவில் முன் பிரேக் இறுகிப்போன கார் ஒன்று வந்தது. மச்சான் பின் சக்கரங்கள் உருளாதபடி அண்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டும் வைத்து, அது போதாதென்று கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்க வைத்தார். அதன் பிறகு டிஸ்கைக் கவ்வியிருக்கும் காலிப்பரின் போல்ட்டுகளைக் கழற்றி, அது பிரேக் ஹோஸில் தொங்காதபடி கம்பியால் கட்டி, பிரேக் பேடுகளை எடுத்தார். அதன் பிறகு ஹோஸைக் கழற்றி, ஆயிலை வடித்து, காலிப்பரை மேசையில் உள்ள வைஸ் இடுக்கியில் இறுக்கிப் பிடித்தார். உள்ளே பேடைத் தள்ளும் பிஸ்டன் துருவில் சிக்கியிருந்ததால் காற்றடித்துத் தள்ள வேண்டியிருந்தது. அவர் பிஸ்டனுக்கு எதிரே, காலிப்பரின் வாயில், துணி சுற்றிய மரக்கட்டை ஒன்றைச் செருகினார். நான் என்றைக்கும் கட்டை வைப்பவன் அல்ல. அவர் காதில் விழும்படி சிரித்துவிட்டு, காற்றுத் துப்பாக்கியின் முனையை ஹோஸ் இருந்த துளையில் பொருத்தினேன். அதன் பிறகு அவர் வால்வருகே போய் எனக்கு முதுகைக் காட்டி நின்றார்.

பிஸ்டன் அசைகிறதா என்று தடவிப் பார்க்க நான் கையை விட்டேன். கட்டை அடைத்திருந்ததால் ஆட்காட்டி விரலின் நுனி மட்டும் நுழைந்தது. அப்போது என் முழங்கை பட்டு, கருவிப் பெட்டி மேலிருந்த ஸ்பேனர் மேசையில் விழுந்தது. அது ஒரு தட்டாகக் கேட்டது. அவர் திறந்தார். பிஸ்டன் பாய்ந்து கட்டையில் பள்ளம் விழுந்தது. எனக்கு நகம் போனது, மூன்று தையல். கட்டை இல்லையென்றால் நான்கு விரலும் உள்ளே இருந்திருக்கும். அந்தக் கட்டையை இத்துடன் ஒப்படைத்துள்ளேன்.

மச்சான் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “எண்ணிப் பாருங்க மாப்பிள்ளை, அஞ்சும் இருக்கா?” என்றார். பன்னிரண்டு நாளில் அவர் பேசிய முதல் பேச்சு அது. எண்ணினேன். இருந்தது. அழுதுவிட்டேன்.

என் அண்ணன் கட்டுப் போட்ட கையை மட்டும் பார்த்துப் பதறிப் புகார் கொடுத்துவிட்டார். தவறு என்னுடையது. மச்சான்மீது எனக்குப் புகார் இல்லை, நன்றிதான் இருக்கிறது. நன்றியை எல்லாம் இதில் எழுதுவதில்லை என்று அதிகாரி சொன்னார். எழுதச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன், எழுதினார்.

படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதும் நடந்ததும் இதுவே. ஆட்காட்டி விரலில் கட்டு இருப்பதால், மீதமுள்ள விரல்களால் பேனாவைப் பிடித்து, என் வலது கையாலேயே கையெழுத்திட்டுள்ளேன்.

(ஒப்பம்)