ஷார்ஜா ஜன்னலில் ஐந்தருவி

– அப்போ இது கம்ப்யூட்டரே இல்லைன்னு சொல்லுதியாலே சலீம்?

– கம்ப்யூட்டர்தான் லாத்தா. ஆனா உள்ள சாஃப்ட்வேர், ஃபைல் எதுவும் கிடையாது. ஒரே ஒரு நியூரல் நெட்வொர்க். நீ எதை அமுக்குனாலும், அடுத்து திரையில என்ன வரணும்னு அதுவே கற்பனை பண்ணி வரைஞ்சு காட்டும். நானே செஞ்சது.

– கூடப்பொறந்த தம்பியாச்சேன்னு நம்பி வாங்கி வச்சேன் பாரு. அதான் கேக்குக்கு எத்தனை முட்டைன்னு கேட்டா நாலாயிரம்னுச்சோ?

– கணக்கெல்லாம் அதுக்குக் குத்துமதிப்புதான். அதை விடு. நெட் வயரு ஏன் கழண்டு கிடக்கு?

– சாரல் தெறிக்குதுன்னு நான்தான் போன வாரம் கழட்டிப் போட்டேன்.

– போன வாரமா? நேத்து மச்சான்கூட வீடியோ கால் பேசுனேன்னியே.

– தெனமும்தான் பேசுதேன். சாப்ட்டியா நஸீபான்னு கேக்காரு. முன் ரூம் செவுத்தை இடிச்சு பேக்கரி வைக்கட்டுமான்னேன். தாராளமா வையின்னுட்டாரு.

– வயரு இல்லாம ஷார்ஜாவுல இருந்து ஆளு எப்படி லாத்தா வருவாரு? இதுவா மச்சானை வரைஞ்சிருக்கு.

– போலே. முகம், குரல் எல்லாம் அவருதான்.

– பழைய கால் எல்லாம் பாத்துப் படிச்சிருக்கும். பின்னாடி ஜன்னல்ல என்ன தெரிஞ்சுது?

– ஐந்தருவி மாதிரி தண்ணி விழுந்துச்சு. ஷார்ஜாவுல புதுசா கட்டியிருக்காங்க போலன்னு நெனச்சேன்.

– நான் குற்றாலத்துல எடுத்த வீடியோவை வச்சுல்லா அதைப் பழக்குனேன்.

– அல்லா. கொத்தனார் மணிமுத்து காலையிலதான் செவுத்தைத் தரைமட்டமாக்கிட்டுப் போனாரு. வெள்ளிக்கிழமை உன் மச்சான் லீவுல வந்து நிப்பாரேலே.

– தென்காசியில இல்லாத பேக்கரியான்னு பத்து வருஷமா வேண்டாம்னவரு. ஒரே நாள்ல சரிங்கும்போது சந்தேகம் வரலையா?

– வந்துச்சு. சந்தோஷம் அதுக்கு முந்தி வந்துட்டு. கல்யாணம் ஆனதுல இருந்து இந்த ஒரு வாரந்தாம்லே அவரு என் பேச்சை முழுசாக் கேட்டாரு. இப்போ நான் என்ன செய்ய?

– இரு, என் போன்ல கூப்பிடுதேன்... மச்சான், சலீம் பேசுதேன். லாத்தா முன் ரூம்ல பேக்கரி... ஓ... அப்படியா... சரி மச்சான், வைக்கேன்.

– கத்துனாரா?

– சிரிக்காரு. அந்தப் பேச்சு போன வாரமே முடிஞ்சு போச்சுங்காரு. வேண்டாம்னு சொன்னேன், நஸீபா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாம சரிங்கன்னுட்டாங்காரு.

– நான் எப்பலே சரிங்கன்னேன்?

– போன பெருநாளைக்கு மச்சானுக்கும் இதே மாதிரி கம்ப்யூட்டர் ஒண்ணு செஞ்சு அனுப்புனேம்லா, லாத்தா.