பக்கத்து மாடி விளக்குக்கு உறை தைத்தது

என் பெயரும் கதவு எண்ணும் அடையாள அட்டையில் உள்ளபடி மேலே எழுதிக்கொள்ளப்பட்டிருக்கின்றன. தெருவில் திரைக்காரர் என்று கேட்டால்தான் என்னைத் தெரியும். வயது அறுபத்து மூன்று. வீட்டின் கீழ்ப்பகுதியில் ஜன்னல் திரை, கதவுத் திரை, சோபா உறை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். மேலே நானும் என் மனைவியும் குடியிருக்கிறோம். நான் வெட்டித் தைப்பேன், மடிப்பு வைப்பதும் கரை கட்டுவதும் அவள் வேலை. ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். இதற்கு முன் என் மேல் வழக்கு எதுவும் கிடையாது. இந்த வாக்குமூலத்தை என்னை அடித்தோ மிரட்டியோ யாரும் வாங்கவில்லை. இன்ஸ்பெக்டர் டீ வாங்கிக் கொடுத்தார், அதையும் எழுதச் சொன்னேன், எழுதிக்கொண்டார்.

எங்கள் மொட்டை மாடியை ஒட்டியே பக்கத்துக் கட்டடத்தின் மாடி. அந்தக் கட்டடத்தில் போன வருஷம் மரச்சாமான் கடை திறந்தார்கள். மாடியில் ஒரு பெரிய விளம்பரப் பலகை, அதில் சோபாவில் உட்கார்ந்து ஒரு குடும்பமே பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும் படம். அந்தப் படத்தின் மேல் அடிக்கிற மாதிரி எங்கள் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு ஃபோகஸ் லைட் வைத்தார்கள். பொழுது சாய்ந்தால் தானாக எரியும், விடிந்தால்தான் அணையும். முதலில் ஓசி வெளிச்சம் என்று நாங்களும் சந்தோஷப்பட்டு மாடியில் உட்கார்ந்து கரை கட்டியிருக்கிறோம். அதை நான் மறைக்கவில்லை.

அதன் பிறகு என் மனைவிக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருப்பதாகச் சொல்லி, முதலில் வலது கண்ணில் ஆபரேஷன் செய்தார்கள். கட்டுப் பிரித்ததும் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தாள். டாக்டர் இடது கண்ணுக்கும் தேதி கொடுத்தார். வாடகை வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அவள், "அந்தப் பலகைய நம்பாதீங்க. எனக்கு முன்னாடி போனவங்க எல்லாரும் படிச்சதக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆயிடுச்சு" என்றாள். அவள் குணம் அப்படி. துணிக்கடையில் அளந்து கொடுத்த துணியைத் தன் டேப்பால் இன்னொரு தடவை அளக்காமல் அவள் வாங்கியது கிடையாது.

அதன் பிறகு அவளே தனக்கு ஒரு பரீட்சை வைத்துக்கொண்டாள். கார்த்திகை நட்சத்திரங்கள் வானத்தில் கொத்தாக இருக்கும். கல்யாணமான புதிதில் இதே மாடியில் நின்று அவள் ஆறு எண்ணுவாள், நான் ஐந்தோடு நின்றுவிடுவேன், அதை வைத்து என்னைக் கிண்டல் பண்ணுவாள். ஆறும் தெரிந்தால் கண் சரி, தெரியாவிட்டால் சரியில்லை என்று முடிவு பண்ணி, இருட்டியதும் மாடிக்குப் போய் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். ஆறு என்ன, ஒன்றுகூடத் தெரியவில்லை. இறங்கி வந்து, "ஆபரேஷன் ஊத்திக்கிச்சு. இருக்கிற இன்னொரு கண்ணையும் அவங்க கையில குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

இடது கண்ணில் புரை முற்றிக்கொண்டு வருகிறது, தள்ளிப்போட்டால் பிறகு ஆபரேஷன் செய்வதே கஷ்டம் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். நான் கெஞ்சிப் பார்த்தேன், கோபப்பட்டுப் பார்த்தேன், ஒரு வேளை சாப்பிடாமலும் இருந்து பார்த்தேன். அவள் என் தட்டையும் சேர்த்துக் கழுவி வைத்துவிட்டாள். வேறு எங்காவது இருட்டான இடத்துக்குப் போய்ப் பார்ப்போம் என்றால், "புழுதியில பஸ் ஏறி வந்து இந்தக் கண்ணையும் கெடுத்துக்கவா?" என்றாள்.

மகளுக்கு போன் போட்டேன். அவள், "அம்மா கண்ணுல ஒண்ணும் இல்லப்பா. அந்த லைட்டு அங்க எரிஞ்சா எனக்கே நட்சத்திரம் தெரியாது" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதன் பிறகு நேரே மரச்சாமான் கடை மேனேஜரிடம் போய், ஒரே ஒரு நாள், அரை மணி நேரம் லைட்டை அணைக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் நல்ல மனுஷன்தான், உட்கார வைத்துப் பேசினார். "பெரியவரே, வெளிச்சம் பத்தலைன்னு புகார் வரும், பார்த்திருக்கேன். வெளிச்சம் வேணாம்னு வர்ற முதல் ஆள் நீங்கதான்" என்று சிரித்தார். லைட் தானாக எரிவது, அணைக்கத் தலைமை அலுவலகத்தில் கேட்க வேண்டும் என்றார். கேட்டாரா இல்லையா எனக்குத் தெரியாது.

அதன் பிறகு நான் எனக்குத் தெரிந்த வழியில் போனேன். எங்கள் தொழிலே வெளிச்சத்தை மறைப்பதுதான். ஓட்டல் அறைகளுக்குத் தைக்கிற, முதுகில் ரப்பர் பூசிய, வெளிச்சம் புகாத துணி மிச்சம் இருந்தது. கைப்பிடிச் சுவருக்கு மேலாக டேப்பை நீட்டி லைட்டை அளந்து, அதற்கு ஒரு உறை தைத்தேன். கண்ணாடியில் துணி படக் கூடாது என்று உள்ளே ஒரு கம்பி வளையம், கழுத்தில் சுருக்குக் கயிறு. சும்மா ஒரு சாக்கைத் தூக்கிப் போட்டிருக்கலாமே என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். எனக்குக் கை வரவில்லை.

என் மனைவிக்கு இதில் சம்பந்தம் இல்லை என்று எழுதச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி, அப்படி எழுதக் கூடாது, அடிக்கரை தன் கையால் கட்டியது என்று இடைமறித்தாள். அவள் உறையைப் பார்த்ததும், "என்ன இது, யானைக்குத் தொப்பியா?" என்று கேட்டது உண்மை. விஷயம் தெரிந்ததும், கரை பிசிராக இருக்கிறது என்று திட்டிவிட்டுப் பிரித்துக் கட்டிக் கொடுத்ததும் உண்மை.

உறை தயாரான அன்று வானத்தில் ஒரு மேகம் இல்லை, பளிச்சென்று இருந்தது. இதுதான் நல்ல நாள் என்று நினைத்துச் சுவரைத் தாண்டிப் போய் உறையை மாட்டினேன். லைட் மறைந்தது. திரும்பிப் பார்த்தால் என் மனைவியின் முகம், வளையல், கொடியில் காய்கிற என் சட்டை, எல்லாம் அப்படியே தெரிகின்றன. தலைக்கு மேலே தட்டு மாதிரி முழு நிலா. அது இருப்பதை அதுவரை நான் கவனிக்கவே இல்லை. நட்சத்திரம் ஒன்று இரண்டு தெரிந்ததே தவிர கார்த்திகை இருக்கிற இடம் பால் கொட்டின மாதிரி இருந்தது. அவள் இறங்கிப் போய்விட்டாள். நான் உறையைக் கழற்றிக்கொண்டு வந்து மகளைக் கூப்பிட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, லைட்டுக்கு உறை தைச்சீங்க சரி, நிலாவுக்கு யாரு அளவெடுக்கிறது?" என்றாள். நிலா இல்லாத நாளாகப் பார்க்க வேண்டும், வீட்டு விளக்கையும் அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருட்டிலேயே உட்கார்ந்து கண் பழக வேண்டும், சினிமாக் கொட்டகைக்குள் நுழைந்ததுமே நாற்காலி தெரிகிறதா என்று கேட்டாள்.

அதன் பிறகு அமாவாசை வரைக்கும் பொறுத்திருந்தோம். வருகிறீர்களா இல்லையா என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அமாவாசையன்று இருட்டியதும் மறுபடி சுவரைத் தாண்டி உறையை மாட்டிவிட்டு, எங்கள் விளக்குகளையும் அணைத்துவிட்டு மாடியில் பாயில் உட்கார்ந்தோம். கையில் துணி இல்லாமல், மிஷின் சத்தம் இல்லாமல் நாங்கள் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்து எத்தனை காலம் ஆயிற்று என்று தெரியவில்லை. அவள் கொசு அடித்துக்கொண்டே, பக்கத்து வீட்டுக்காரி நம்மைப் பார்த்தால் என்ன நினைப்பாள் என்றாள். எனக்கு ரொம்ப சுகமாக இருந்தது. வந்த வேலையே மறந்துவிட்டது.

அப்போது அவள் என் கையைப் பிடித்தாள். "ஏங்க, தெரியுதுங்க" என்றாள். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு விரல் விட்டு எண்ணினாள். ஆறு. மறுபடி எண்ணினாள். "ஐயோ, ஓரத்துல இன்னொண்ணு மினுக்குதுங்க, ஏழு!" என்று கத்திவிட்டாள். சந்தோஷத்தில் நானும் அண்ணாந்து பார்த்து, ஆமாம், ஏழு, ஏழு என்றேன். "அந்த ஏழாவது எந்தப் பக்கம் இருக்கு, சொல்லுங்க" என்றாள். ஒரு பக்கமாகக் கை காட்டினேன். "அங்க தண்ணித்தொட்டி இருக்குங்க" என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வானத்தில் ஒரு நட்சத்திரமும் தெரியவில்லை. அழுக்காக ஒரு தீற்றல்தான் தெரிந்தது. கொஞ்ச நாளாகவே ஊசியில் நூல் ஏறாமல், ஊசி சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவள் கண்ணைப் பற்றிய கவலையில் என் கண்ணைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றிப் பொத்தச் சொல்லி அவளே எனக்குப் பரீட்சை வைத்தாள். "நீங்க வராம நான் வரமாட்டேன்" என்றாள். ஆஸ்பத்திரியைத்தான் சொல்கிறாள் என்று கேட்காமலே புரிந்தது.

இப்படி நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது ரப்பர் கருகும் வாடை வந்தது. உள்ளே வளையம் நழுவித் துணி கண்ணாடியில் பட்டுவிட்டது. நான் ஓடிப்போய் உறையைப் பிடுங்கி வீசினேன். அது கீழே கடை வாசலில் விழுந்தது. பதற்றத்தில், குடிக்க வைத்திருந்த செம்புத் தண்ணீரை எடுத்து லைட்டின் மேல் ஊற்றினேன். கண்ணாடி படீரென்று வெடித்தது. மரச்சாமான் கடைக் காவலாளி தீ, தீ என்று கத்துவது கேட்டது. எங்களுக்குப் பயமாகிவிட்டது. கீழே போய்க் கதவைச் சாத்திப் படுத்துக்கொண்டோம். தீயணைப்பு வண்டி வந்து அணைக்க எதுவும் இல்லாமல் திரும்பிப் போனது. அதுவரை என் மனைவி தலையணையில் முகத்தை வைத்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் மேனேஜர் கருகிய உறையோடு வீட்டுக்கு வந்தார், பிறகு இங்கே புகாரும் கொடுத்தார். அதன் கழுத்தில் எங்கள் கடை லேபிள், போன் நம்பரோடு, நாலு பக்கமும் தையல் போட்டு இருந்தது. எந்தத் திருடன் விலாசம் தைத்து வைப்பான் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். கடையை விட்டுப் போகிற துணியில் லேபிள் இல்லாமல் போகாது, கை தானாக வைத்துவிடும், வைத்தவள் என் மனைவி. சுவர் தாண்டியது, உறை மாட்டியது, கண்ணாடியை உடைத்தது மூன்றும் நான். புதுக் கண்ணாடி போட்டுத் தருகிறேன் என்று மேனேஜரிடம் சொல்லியிருக்கிறேன். மாட்டியதற்கு வருத்தப்படுகிறேனா என்று கேட்டார்கள். வளையத்தை இரண்டு இடத்தில் தைத்துப் பிடித்திருக்க வேண்டும், அதுதான் வருத்தம்.

ஒரே ஒரு வேண்டுகோள். வருகிற வியாழக்கிழமை அவளுக்கு இடது கண்ணிலும் எனக்கு வலது கண்ணிலும் ஆபரேஷன். அன்றைக்கு எங்களைக் கூப்பிட வேண்டாம்.

இதில் உள்ளது நடந்தது நடந்தபடி, கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எனக்கு எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தெரிகின்றன. காவல் நிலையத்தில் ஒருவர் படித்துக் காட்டுவதாகச் சொன்னார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. தாளைத் தன் கையில் வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அவளே எனக்கு வாய்விட்டுப் படித்தாள், ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) திரைக்காரர்

படித்துக் காட்டியவர்: (ஒப்பம்) அவர் மனைவி