பொட்டின் மேல் பழி

தலைமை ஏற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய ஷேக் அலாவுதீன் அண்ணன் அவர்களே! வேலைக் களைப்போடு வந்து இந்த ஜெலுத்தோங் மண்டபத்தை நிறைத்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே! ஜுரு தொழிற்சாலைகளைத் தோளில் தாங்கும் தோழர்களே! இயற்பியல் ஆசிரியை கிளாரிஸின் வணக்கம். வணக்கத்தோடு என் கோபத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இதோ முன்வரிசையில் இருக்கிறாள் சாந்தினி. தகடு அழுத்தும் இயந்திரம் அவள் வலக்கை விரல்களை நசுக்கிவிட்டது. நாளை விசாரணை. நிறுவனம் என்ன சொல்கிறது? ஆயுத பூஜைக்கு அவள் இயந்திரத்துக்கு வைத்த சந்தனப் பொட்டுதான் காரணமாம். பொட்டா காரணம்? பொய்யல்லவா காரணம்!

அந்த இயந்திரத்துக்கு ஒரு மின்கண் உண்டு. நம் பார்வைக்கு எட்டாத அகச்சிவப்பு ஒளி எதிர்ப்பக்கமிருந்து அதில் வந்து விழும். அதுவும் மின்காந்த அலைதான். ஒளி விழுந்தால் உள்ளே எலெக்ட்ரான்கள் விடுபடும், மின்சாரம் பாயும், இயந்திரம் ஓடும். குறுக்கே கை வந்தால்? ஒளி இல்லை. ஒளி இல்லையேல் ஓட்டம் இல்லை!

சாந்தினி சந்தனத்தை அந்தக் கண்ணின் மேலேயே அப்பிவிட்டாள். தவறுதான். விளைவு? மறுநாள் இயந்திரம் அசையவே இல்லை. சிரிக்கிறீர்கள், சிரியுங்கள், அதுவரை சிரிக்கத்தக்க கதைதான். துடைக்க ஓர் ஈரத்துணி போதும். சூப்பர்வைசர் துணி கேட்டாரா? ஒயர் கேட்டார்! "சென்சர விட்டுட்டு நேரா லைன் குடுத்துடு லா, சாமான் லேட்டாவுது" என்று பழுதுபார்ப்பவரிடம் அவர் சொன்னதைச் சாந்தினி காதால் கேட்டாள். கண்ணைப் பிடுங்கிய பிறகு இயந்திரத்துக்குத் தகடு எது, தங்கையின் கை எது?

விபத்து நடந்ததும் ஒயரைக் கழற்றிவிட்டார்கள். விசாரணையில் சாட்சி கேட்கிறார்கள். பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள்! பழமும் பாலும் கொண்டுபோய்ச் சாந்தினியைப் பார்த்தீர்கள், பரிதாபப்பட்டீர்கள். மின்கண் போலல்ல துத்தநாகத் தகடு; அதில் சிவப்பு ஒளியை நாளெல்லாம் கொட்டினாலும் ஓர் எலெக்ட்ரான் கிளம்பாது. புற ஊதா ஒளி மங்கலாய்ப் பட்டாலே கிளம்பும். உங்கள் பரிதாபம் அந்தச் சிவப்பு ஒளி; கொட்டியது போதும். ஒருவர், ஒரே ஒருவர், உண்மையைச் சொல்ல மாட்டீர்களா?

பின்வரிசையில் எழுந்திருப்பது யார்? டெரிக் தம்பியா? சத்தமாகச் சொல்லுங்கள்.

"டீச்சர், அந்த ஒயர கட்டுனது நான்தான். நாளைக்கு வந்து சொல்லிடறேன்."

கை தட்டாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு இனி வேலை இருக்குமா என்று எனக்குத் தெரியாது. நாளை அவரைத் தனியாக அனுப்பினால் நாமும் அந்தச் சூப்பர்வைசரும் ஒன்றுதான். வழி விடுங்கள், சாந்தினியின் பக்கத்தில் வந்து உட்காரட்டும். வந்தவர்க்கெல்லாம் நன்றி, நாளை விசாரணைக்கு வரப்போகிறவர்க்கு வணக்கம்.