அமுக்காமலே அடித்த மணி

எதையும் கொஞ்சம் பெரிதாக்கிச் சொல்வது என் சுபாவம். ரிட்டயராகிப் பத்து வருடமாகியும், நான் கை வைக்காத சர்க்யூட் இந்த உலகத்தில் இல்லை, என்னைக் கேட்காமல் மின்னல்கூட வெட்டாது என்று சொல்லித் திரிகிறவன். இதை மட்டும் உள்ளபடி சொல்கிறேன்.

இடுப்பெலும்பு முறிந்து என் அக்கா எங்கள் வீட்டுப் பின்னறையில் படுத்தபோது, அவளுக்கு ஓர் அழைப்பு மணி செய்து கொடுத்தேன். கட்டிலோரம் பொத்தான், நீள வயர், சமையலறையில் மைக்ரோகன்ட்ரோலர் என்கிற குட்டிக் கணினிச் சிப்பும் மணியும்.

மறுநாளிலிருந்து மணி ஓயவில்லை. என் மனைவி ஈரக்கையோடு ஓடுவாள்.

"என்ன அண்ணி வேணும்?"

"நான் எங்கேம்மா அமுக்கினேன்? மின்னலுக்கே உத்தரவு போடறவர் செஞ்ச மணியாச்சே, தானா அடிக்குது போல."

மூன்றாம் நாளே காரணம் தெரிந்துவிட்டது. பொத்தானை அமுக்காத நேரத்தில் அதன் வயர் வந்து சேரும் சிப்பின் காலை மின்னழுத்தத்தில் மேலே இழுத்துப் பிடித்திருக்க, சிப்புக்குள்ளேயே புல்-அப் ரெசிஸ்டர் உண்டு. புரோகிராமில் ஒரு வரி எழுதினால்தான் அது வேலைக்கு வரும். இல்லையேல் அந்தக் கால் அந்தரத்தில் தொங்கும். பக்கத்தில் வாஷிங் மெஷின் ஓடினால்கூட யாரோ அமுக்கியதாக எண்ணிக்கொள்ளும். அந்த வரியை நான் எழுத மறந்திருந்தேன். கற்றுக்குட்டி செய்கிற தப்பு.

திருத்த அரை நிமிடம் போதும். திருத்தினால் மணி சட்டென்று அடங்கும். தப்பு யாருடையது என்று வீட்டுக்கே தெரிந்துவிடும். அக்கா ஆயுசுக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

"மணியில ஏதாவது கோளாறாங்க?" என்று கேட்டாள் மனைவி.

"மணி சரியாத்தான் இருக்கு. அக்காவுக்குத்தான் ஞாபகம் கொஞ்சம்..." என்று இழுத்தேன். மீதியை அவளே முடித்துக்கொண்டாள். டாக்டரிடமும் அதையே சொன்னேன்.

இரண்டு மாதத்தில் அக்காவே, "அமுக்கியிருப்பேன் போல, மன்னிச்சுக்கம்மா" என்று சொல்ல ஆரம்பித்தாள். கிண்டல் நின்றுபோனது. பிறகு அவளை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

போன வாரம் அங்கே கட்டிலிலிருந்து விழுந்து, மதியம் முழுக்கத் தரையில் கிடந்திருக்கிறாள். அழைப்புப் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில்தான் தொங்கியது.

"அமுக்கியிருக்கலாமே அக்கா."

"நிஜமாவே விழுந்தேனான்னு சந்தேகமா இருந்துச்சு தம்பி. சும்மா சும்மா அமுக்கி அவங்களை எதுக்கு அலைய வைக்கணும்?"

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்த வரியைச் சேர்த்தேன். அதன்பின் மணி ஒருமுறைகூடத் தானாக அடிக்கவில்லை. பின்னறையில்தான் யாருமில்லை.

அக்காவிடமும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருக்கிறேன். சொன்னால் அவளுக்கு ஞாபகம் நிற்குமா என்பதுதான் யோசனை.