ஆறு இன்ச்

எங்கள் பட்டறைப் பெயர்ப்பலகையில் என்னையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேட்டேன். அவ்வளவுதான் இன்ஸ்பெக்டர் சார், இதெல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது. "எதை வேணா கேளு, அதை மட்டும் உங்கப்பாகிட்ட கேட்டுறாதே" என்று நான் கல்லூரி முடித்த அன்றே அம்மா சொல்லி வைத்திருந்தாள். ஆறு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஏழாவது வருடம், ஒரு வியாழக்கிழமை, அப்பா மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டேன். அவர் கோபப்படவில்லை. நிமிர்ந்து 'தந்தை – மகன் வண்டிப் பட்டறை' என்ற பலகையைப் பார்த்தார்.

"அதுல எடம் எங்கம்மா இருக்கு?"

அண்ணன் ஏதோ ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். அங்கிருந்தே சிரித்தான். "நம்ம டிகிரிக்குத் தனியா ஒரு பலகை செஞ்சு கழுத்துல மாட்டிவிடுப்பா."

டிகிரி என்றால் நான். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள். வண்டி உள்ளே வந்தால் என்ன பழுது, எந்தப் பாகம், என்ன அளவு என்று சொல்வது என் வேலை. ஆனால் நேராகச் சொல்லக் கூடாது. நான் அப்பாவிடம் சொல்வேன். சாப்பாட்டு நேரத்தில் அவர் தானே கண்டுபிடித்ததுபோல் அண்ணனிடம் சொல்வார். அவனும் தட்டாமல் செய்வான். அதே வார்த்தை என் வாயிலிருந்து வந்தால் செய்ய மாட்டான். அவன் காதுக்குப் போக என் பேச்சுக்கு அப்பாவின் வாய் வேண்டும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனின் பிக்கப் கட்டட வேலைக்கானது. கலவை இயந்திரத்தை டிரெய்லரில் வைத்து இழுத்துப்போவான். குவாரிப் பாதையில் அடி தட்டுகிறது, உயர்த்த வேண்டும் என்றான். இரண்டு இன்ச் போதும். சுமை ஏற்றி இழுவையும் இழுக்கிற வண்டிக்கு அதற்கு மேல் போவது வீண் வம்பு. அவனுக்கு ஆறு வேண்டும். ஏனென்றால் சிமென்ட் கடைக்காரர் மகன் நான்கு வைத்திருக்கிறான். வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எவ்ளோ வைக்கலாம்?" என்றார்.

"ஆறே வைக்கலாம்பா."

ஏன் என்று கேட்கவில்லை. என் கணக்கில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

சனிக்கிழமை பொருத்தினோம். வண்டி உயர்ந்தால் பின்னால் டிரெய்லர் மாட்டும் கொக்கியும் உயரும். டிரெய்லரின் மூக்கு மேலே தூக்கும், பாரம் வாலுக்குச் சரியும். மெதுவாகப் போனால் ஒன்றும் தெரியாது. இறக்கத்தில் வேகம் பிடித்தால் வால் ஆடத் தொடங்கும். அதற்குப் பிறகு ஸ்டீயரிங் வெறும் அலங்காரம். மருந்து சின்னதுதான்: கொக்கியைக் கீழிறக்க ஓர் இரும்புத் துண்டு, நான்கு போல்ட். அது பட்டறையிலேயே இருந்தது, இரண்டாவது தட்டில், எண்ணெய் டப்பாக்களுக்குப் பின்னால். நான்தான் அங்கே வைத்தேன்.

சொல்லாமல் விட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். திங்கட்கிழமை காலை அவன் டிரெய்லரை மாட்டும்போது சொன்னேன். இந்த முறை நேராக அவனிடமே.

"அண்ணே, கொக்கிய எறக்காம இழுக்காதே. வால் ஆடும்."

"காலேஜ்ல டிரெய்லர் ஓட்டக் கத்துக்குடுத்தாங்களாம்மா டிகிரி? தள்ளு."

தள்ளி நின்றேன். அப்பா பத்தடி தூரத்தில்தான் இருந்தார். குரலை உயர்த்தியிருந்தால் கேட்டிருக்கும். பொம்பளைப் பிள்ளை சத்தம் போடக் கூடாது என்று என்னை வளர்த்தவர்கள் அவர்கள்தான்.

அண்ணியையும் அன்றைக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினான், வழியில் அவள் அம்மா வீட்டில் இறக்கிவிட. எங்கள் வீட்டில் எனக்காக அப்பாவிடம் பரிந்து பேசிய ஒரே ஆள் அவள். வண்டி அத்தனை உயரத்தில் நின்றதால் அவளால் ஏற முடியவில்லை. "என்னடி இது, மாடி வீடு மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். கைகொடுத்து ஏற்றிவிட்டேன். "பெல்ட் போட்டுக்குங்க அண்ணி" என்றும் சொன்னேன். குவாரி இறக்கத்தில் வண்டி உருண்டும் அதனால்தான் உயிரோடு இருக்கிறாள். அண்ணனைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதைச் சொல்வதே இல்லை. இனி நடக்க மாட்டாள் என்கிறார் மருத்துவர். அவளுடைய சக்கர நாற்காலிக்கு வீட்டு வாசலில் சரிவு அடித்துக்கொடுத்தது யார் என்று கேளுங்கள். உயரம் நூல் பிசகவில்லை.

கோபத்தில் செய்தேனா என்று கேட்டீர்கள். இல்லை சார். நான் ஒன்றும் செய்யவே இல்லை. எனக்கு அந்த வீடு கொடுத்திருந்த மதிப்பு எவ்வளவோ, அதற்குள் நடந்துகொண்டேன்.

எழுதி முடித்ததும் இந்தப் பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள், நான் கிளம்புகிறேன். வெளியே பலகைக்காரர் ஏணியோடு நிற்கிறார். அப்பா சொன்னது சரிதான், அந்தப் பலகையில் இன்னொரு வார்த்தைக்கு இடமில்லை. அதனால் 'தந்தை – மகள்' என்று மட்டும் எழுதச் சொன்னேன். அண்ணன் செத்த சூட்டில் எடுத்த முடிவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அப்படிப்பட்டவள் இல்லை நான். பலகைக்காரரையே கேட்டுப் பாருங்கள். வெள்ளிக்கிழமை காலையிலேயே சொல்லிவிட்டேன், வண்டியைத் தூக்குவதற்கு முந்தின நாள்.