தின்னர் வாசம்

— பதினாறு கேள்வி வரைக்கும் மளமளன்னு எழுதினியே, மேடம். பதினேழுல ஏன் நின்னுட்டே?

— பேனா எழுத மாட்டேங்குதுங்க.

— பேனாவா, நீயா? கொடு, படிக்கிறேன். 'கர்ப்ப காலத்தில் பெயின்ட், அதில் கலக்கும் தின்னர், பூச்சிமருந்து ஆகியவற்றின் நெடி தாய்க்குப் பட்டதா?' இல்லைன்னு போடு. காருக்கு ஸ்ப்ரே அடிச்சவன் நான். நீ ஒர்க்‌ஷாப் பக்கமே வந்ததில்லையே.

— நீங்களும் அங்கேயே குளிச்சு, சட்டை மாத்தி, புது மாப்பிள்ளை மாதிரிதான் வருவீங்க.

— பின்னே? அந்த நெடி வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு பிரசவம் பார்த்த டாக்டரம்மா திட்டினாங்கல்ல.

— ஒண்ணு சொல்லணும். அஞ்சு வருஷமா உங்ககிட்ட மறைச்சு வச்சிருக்கேன்.

— சொல்லும்மா.

— மசக்கையில எனக்கு எந்த வாசனையும் ஒத்துக்கல. உங்க வேலைச் சட்டையில இருந்த தின்னர் வாசம் மட்டும்தான் பிடிச்சுது. சாயங்காலம் நீங்க டீ குடிக்கப் போனதும், துவைக்கக் கொண்டு வந்த பையிலேருந்து அதை எடுத்து, மூஞ்சில போட்டுக்கிட்டுப் படுத்துருவேன்.

— எத்தனை நாள்?

— கடைசி வரைக்கும். நம்ம வாண்டுக்கு ரத்தப் புத்துநோய்னு சொன்ன அன்னைக்கே அந்தச் சட்டைதான் ஞாபகம் வந்துச்சு. நான்தாங்க காரணம்.

— பைத்தியமே! ஒரு குழந்தைக்கு எதனால வந்துச்சுன்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாதுன்னாரே இந்த ஆஸ்பத்திரி டாக்டர். ஆயிரம் வீட்ல கேட்டாத்தான் ஏதாவது புரியுமாம். அதுக்குத்தானே இந்தப் பேப்பர்.

— அப்போ நிஜத்தை எழுதணும்.

— எழுதணும். அங்க பாரு உன் மகளை. நர்ஸம்மா நாற்காலியில ஏறி உக்காந்துட்டா. தலையில நாலு முடி முளைச்சதும் என்ன திமிரு!

— பேச்சை மாத்தாதீங்க. என் மேல கோவமா?

— கண்ணைத் தொடச்சுக்கோ. பேனாவை இப்படிக் கொடு.

— உங்களுக்கு எதுக்கு?

— என் பங்கையும் எழுத வேண்டாமா? ஒருநாள் டீக்கடைக்குப் போறப்போ சாவியை மறந்துட்டுப் பாதி வழியில திரும்பி வந்தேன். மூணு மாசமா வாந்தியும் கண்ணீருமா இருந்தவ, என் சட்டைக்குள்ள மூஞ்சியைப் புதைச்சு அசந்து தூங்கிட்டிருந்தே. மனசு நெறைஞ்சு போச்சு.

— தெரிஞ்சும் கேக்கலையா?

— அடுத்த வாரமே ஒர்க்‌ஷாப்ல துணி துவைக்க ஆள் வச்சாங்க. எல்லாரும் அழுக்குச் சட்டையை அங்கேயே போட்டாங்க. நான் மட்டும்தான், உன் கைக்குச் சட்டுனு கிடைக்கட்டும்னு, தினமும் அதைப் பையில மேலாக வச்சு எடுத்துட்டு வந்தேன்.